ஒன்றாம் வகுப்புக்கு ஒரு கடல்

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போன கடிதத்தில் கேட்டேன், பதிலே காணோம். அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். எனக்கு ஒரு வகுப்பு கிடைத்திருக்கிறது!

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் பெரிய வகுப்பிலிருந்து யாராவது போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமை ஆசிரியை வந்து கேட்டார். எல்லாரும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"அதுங்கள வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"கடல் சொல்லித் தருவேன் மிஸ்."

"கடலா? இங்கேயிருந்து கடல் எவ்வளவு தூரம்னு தெரியுமா?"

"அதனாலதான் மிஸ்" என்றேன். என் அக்கா கடல் உயிரியல் படித்தவள், மீன் காட்சியகத்தில் வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் விளக்கிச் சொல்வது அவள் வேலை என்றும் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் தலையை ஆட்டினார். ஆக, இந்த வகுப்பு உன்னால் கிடைத்தது.

நேற்று முதல் வகுப்பு. மேடையின் பழைய நீலத் திரையைக் கேட்டு வாங்கி, பெஞ்சுகளின் மேல் விரித்தேன். பெஞ்சின் மேல் உட்கார்ந்தவர்கள் வெளிச்சம் படும் கடல். அடியில் படுத்தவர்கள் ஆழ்கடல். "இங்க யாருமே லைட்டு போடலையா?" என்று அடியிலிருந்து ஒருவன் கத்தினான். ஜெல்லிமீனுக்கு மூளையே கிடையாது என்றேன். "எங்க அண்ணனுக்கும் கிடையாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்றான். எல்லாவற்றுக்கும் வாதாடுகிறான். அவனுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஒரு விதி போட்டிருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும், நானே சொன்னாலும், நம்ப முடியாவிட்டால் பெஞ்சைத் தட்டி "ஆதாரம்!" என்று கேட்கலாம். நான் புத்தகத்தில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் தெரியாது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கடற்குதிரையில் அப்பாதான் வயிற்றுப் பையில் குட்டிகளைச் சுமக்கும் என்றதும் வகுப்பே சேர்ந்து தட்டியது. பக்கத்து வகுப்பு சார் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

முன் பல் இரண்டும் விழுந்த ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு நான் வைத்த பெயர் 'ஏன் ராணி'. வாயைத் திறந்தால் "ஏன்?" தான். "அக்கா, கடல்கன்னி எதால மூச்சு விடும்?" என்று கேட்டாள். கடல்கன்னி கிடையாது, அது கதை என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னேன். உண்மைக் கடலே போதும், அதன் மேல் ஜிகினா ஒட்ட வேண்டியதில்லை என்று நீதானே சொல்வாய்?

அடுத்த வாரம் எதில் தொடங்கலாம்? நீ அங்கே பிள்ளைகளிடம் எதை முதலில் சொல்வாய்? விவரமாக எழுது. போனில் கேட்டால் அம்மா பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் அவளே பதில் சொல்லிவிடுகிறாள்.

உன் அன்புத் தங்கை

---

ஜூன் 23

என் செல்லப் புத்தகப்புழுவுக்கு,

அதற்குள் வாத்தியாரம்மா ஆகிவிட்டாயா! திரையை விரித்ததைப் படித்துச் சிரித்தேன். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி "லெட்டர பாத்து சிரிக்கிற ஆளு நீ ஒருத்திதான்" என்றாள்.

திமிங்கிலத்தில் தொடங்காதே. பெரியதைக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், பிறகு சின்னது எதையும் மதிக்க மாட்டார்கள். மூச்சில் தொடங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் உட்காரச் சொல். முட்டிக்கொண்டு வரும்போது விடச் சொல். பிறகு சொல்: மீனுக்குச் செவுள் இருக்கிறது, அது தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும். ஆமைக்கு இல்லை, திமிங்கிலத்துக்கு இல்லை, அவை மேலே வந்தாக வேண்டும். ஒரு உயிரைப் பார்த்தால் முதலில் அதன் பெயரைக் கேட்காதே. இது எப்படி மூச்சு விடுகிறது, எதைத் தின்கிறது, இதை யார் தின்பார்கள் என்று கேள். பெயர் தானாக வரும்.

இங்கே பெரிய தொட்டியில் ஒரு கடலாமை இருக்கிறது. ஓட்டின் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கும். ஒரே மூலையில் போய்ப் போய் முட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அதைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

என் வேலை ஓடுகிறது. நாள் முழுக்கத் தண்ணீரோடுதான் பாடு. இடது காது கொஞ்சம் வலி, வேறொன்றுமில்லை. அம்மாவிடம் என் வேலையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்.

பிள்ளைகளை அழைத்து வருவதானால் வார நாளில் வா. சனி ஞாயிறில் கூட்டம் நெரியும், உன்னோடு ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது. மறக்காதே, வார நாள்.

அன்பு முத்தங்களுடன்
அக்கா

---

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது! பதினாறாம் தேதி, புதன்கிழமை, ஒன்றாம் வகுப்பு முழுவதும், கூடவே நானும் தலைமை ஆசிரியையும். நீ சொன்னபடியே வார நாள்.

மூச்சு வகுப்பு பிரமாதம். குட்டி வக்கீல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டான். பிடித்ததும் "மூக்கைத்தானே புடிக்கச் சொன்னீங்க" என்றான். ஏன் ராணி முகம் சிவக்கிற வரை அடக்கிவிட்டு, "ஆமை இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் தண்ணிக்குள்ள இருக்கு? வெளியவே இருக்கலாம்ல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். கைதட்டினார்கள். பெரியவர்கள் யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது.

உன் மேல் ஒரு மனத்தாங்கல். பிள்ளைகளிடம் நீ என்ன சொல்வாய் என்று கேட்டிருந்தேன். நான் என்ன சொல்ல வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி இரண்டே வரி. அதில் ஒரு வரி காது.

அம்மாவை நிறுத்த முடியாது. பல் டாக்டரிடம், வாயைத் திறந்துகொண்டே, "என் பெரிய பொண்ணு கடல் ஆபீசர்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. ஊசி வலிக்கிறதா என்று கேட்டார். அப்பா வழக்கம்போல "ம்" என்றார், ஆனால் உன் பட்டமளிப்புப் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

நீ பேசுவதைக் கேட்க எனக்குப் பிள்ளைகளைவிட அவசரம்.

உன் அன்புத் தங்கை

---

ஜூலை 20

அக்கா,

அன்புள்ள என்று எழுதிப் பார்த்தேன். பொய் எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

புதன்கிழமைக்குப் பேருந்து கிடைக்கவில்லை, நேற்றுக்குத்தான் கிடைத்தது. உனக்குத் தெரிவித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. திடீரென்று முன்னால் போய் நின்றால் உன் முகம் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் "விளக்கம் சொல்ற அக்கா எங்க இருப்பாங்க?" என்று கேட்டேன். "விளக்கமா? அந்தப் பட்டனை அமுக்கும்மா, அதுவே பேசும்" என்றார். ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு பெட்டி. அமுக்கினேன். ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள் என்று ஓர் ஆண் குரல் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. மூன்று இதயம் என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா இன்றைக்கு விடுப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் உனக்காகத்தான் காரணம் தேடினேன்.

பெரிய தொட்டிக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கி, பெருங்கடலின் அடியிலிருந்து ராஜகுமாரி வருகிறாள் என்று கத்தியது. மேலேயிருந்து பச்சை வால் ஒன்று இறங்கியது.

குட்டி வக்கீல்தான் முதலில் எழுந்தான். "ஆளுடா அது! குழாயில காத்து குடிக்குது பாரு!"

ஏன் ராணி சொன்னாள்: "ஆமையும்தான் மேல போய் காத்து குடிக்குது. திமிங்கிலமும்தான். அதெல்லாம் பொய்யா?"

வகுப்பு இரண்டாகிவிட்டது. ஒரு பாதி கடல்கன்னி, ஒரு பாதி ஆள். நீ சொல்லிக் கொடுத்து நான் நடத்திய மூச்சுப் பாடத்தை வைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் சண்டை போட்டார்கள். பிறகு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, நீங்க சொல்லுங்க."

அப்போதுதான் அந்தக் கடல்கன்னி தன் இடது காதைத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

அது நீதான், அக்கா. நீ நேராக என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுச் சிரித்தாய். உதட்டில் கை வைத்து ஒரு முத்தம் ஊதினாய். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கிற சிரிப்பு அது. அதை எனக்கும் கொடுத்தாய்.

"அது ஆளுதான். வால் ரப்பர்" என்றேன். யார் என்று சொல்லவில்லை. "ஆதாரம்!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஆமை மிரண்டு சுற்றியது. காவலாளிகள் வந்தார்கள். மகளைத் தோளில் வைத்திருந்த ஒருவர் என்னிடம், "சின்னப் பசங்க சந்தோஷத்தக் கெடுக்கணும்னே கிளம்பி வந்தியா?" என்றார். அவர் மகள் அழுதுகொண்டிருந்தாள். எங்களை நேரம் முடிவதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். தலைமை ஆசிரியை பேருந்தில் என்னோடு பேசவே இல்லை.

ஏன் ராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்போ அப்பா கடற்குதிரை?"

"அது நிஜம்."

"ஆதாரம்?"

பையில் புத்தகம் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாள். "புக்குல கடல்கன்னி படமும்தான் இருக்கு."

அதற்கு நான் என்ன சொல்ல? நீ சொல்.

உண்மைக் கடலே போதும் என்று சொன்ன வாயால்தானே அந்த முத்தம்? வந்தவர்களிடம் பொய் சொன்னதை வேலை என்று வைத்துக்கொள்வோம். எனக்கு எழுதியது என்ன வேலை? "நாள் முழுக்கத் தண்ணீரோடுதான் பாடு"! எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறாய், ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் ஒரு முழுப் பொய். வார நாளில் வா என்று நீ வற்புறுத்தியதும் இதை மறைக்கத்தானே?

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓடிவந்து, "அக்காவ பாத்தியா? எப்படிப் பேசினா?" என்று கேட்டாள். "ஒரே கூட்டம்மா" என்றேன். இப்போது நானும் உன் மாதிரியே பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன். நன்றி.

இனி எழுதுவதானால் பள்ளி முகவரிக்கு எழுது. அம்மா உறையைப் பிரிக்க மாட்டாள், ஆனால் படிக்கும்போது என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் பிரித்துவிடுவாள்.

தங்கை

---

ஜூலை 25

தங்கைக்கு,

நீ கோபப்படுவாய் என்று தெரியும். கூண்டில் ஏற்றி வைத்துக் கேள்வி கேட்பாய் என்று தெரியாது.

முதலில் ஒன்று. நான் உன்னைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் நீச்சல் கண்ணாடி போடாமல் கண்ணைத் திறந்தால் வெளியே நிற்கிற ஆட்கள் எல்லாம் கலங்கிய வண்ணங்கள்தான். எந்தப் பக்கம் வண்ணம் அதிகமாக அசைகிறதோ அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதுதான் எங்களுக்குப் பயிற்சி. ஒன்றாம் வகுப்புக்கே மூச்சுப் பாடம் எடுக்கிற உனக்கு, தண்ணீருக்குள் மனிதக் கண் எப்படிப் பார்க்கும் என்று தெரியாதா? தெரியாமல் இருக்கலாம். ஆனால் தெரியாது என்று ஒத்துக்கொள்வது உன் வகுப்பு விதி இல்லையா? நீ மட்டும் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறாய்.

கண்ணாடியைத் தட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? உன் "ஆதாரம்" எல்லாம் உள்ளே கேட்காது. மண்டைக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆமை மிரண்டு என் மேல் மோதியது. குழாய் கையை விட்டுப் போய்விட்டது. இரண்டு காலையும் சேர்த்து ரப்பருக்குள் கட்டிக்கொண்டு, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் நான் குழாயைத் தேடினேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் தேடினேன். வந்த கூட்டம் எந்தப் பள்ளி என்று அப்புறம் மேனேஜர் சொல்லித்தான் தெரியும். உன் கடிதம் வந்தபோது என் தோளில் இன்னும் நீலம் மறையவில்லை.

நான் விளக்கம் சொல்லத்தான் சேர்ந்தேன். அது பொய் இல்லை. ஆறு மாதம் சொன்னேன். திருக்கையின் தொட்டிக்கு முன்னால் நின்று தொண்டை வற்றப் பேசுவேன். கேட்டவர்கள் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பிறகு பெட்டிகள் வந்தன. "நீச்சல் தெரியுமில்ல?" என்று மேனேஜர் கேட்டார். தெரியும் என்றேன். வால் தைக்க அளவெடுத்தார்கள். பட்டம் வாங்கியபோது அங்கி தைக்க அளவெடுத்த ஞாபகம் வந்தது. உட்கார்ந்து அழுதேன், போதுமா? வேறு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. அம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். எந்த முகத்தோடு எழுதுவேன்?

என்னைக் கேட்க ஆள் இல்லாத இடத்தில், என்னைப் பார்க்க ஆள் நிற்கிறார்கள். உனக்கு அது ஜிகினா. எனக்கு அது சாப்பாடு.

இனி ஒரு காட்சி தவறினாலும் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நீ கொண்டுவந்து கொடுத்த பரிசு அது. அம்மாவிடம் சொல்வதானால் தாராளமாகச் சொல். சொல்லாமலும் இருந்துகொண்டு, "நன்றி" என்று குத்தியும் காட்டாதே.

அக்கா

---

ஆகஸ்ட் 1

அக்கா,

கண் விஷயத்தைப் புத்தகத்தில் பார்த்தேன். நீ சொன்னது சரி. நீ என்னைப் பார்த்தாய் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டேன். கண்ணாடியைத் தட்டக் கூடாது என்று முன்பே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், சொல்லவில்லை. அது என் தப்பு. உன் தோளுக்காக வருந்துகிறேன். நிஜமாகவே.

மற்றக் குற்றச்சாட்டுகள் அப்படியே இருக்கின்றன.

வேலை போன கதையை நீ எழுதியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? ஊரெல்லாம் சொல்லியிருப்பேனா? வால் கட்டுகிறேன் என்று நீ எழுதியிருந்தால், வால் எத்தனை கிலோ, அதற்குள் எப்படி நீந்துகிறாய் என்று பத்துப் பக்கம் கேள்வி அனுப்பியிருப்பேன். உனக்கு அது தெரியும். தெரிந்தும் என்னை அம்மா கணக்கில் சேர்த்துவிட்டாய். பல் டாக்டர் கணக்கில் சேர்த்துவிட்டாய். எனக்கு அதுதான் எரிகிறது.

இப்போது வகுப்பைக் கேள். பாதிப் பேருக்குக் கடல்கன்னி இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கடலே கொஞ்சம் சந்தேகம். அவர்கள் சண்டை போட்டாலாவது பரவாயில்லை. ஏன் ராணி போன சனிக்கிழமை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுறாவுக்கு உடம்பில் ஒரு எலும்பும் கிடையாது என்றேன். போன மாதமாக இருந்தால் பெஞ்சை உடைத்திருப்பாள். "சரி" என்றாள். சரியாம்! ஆறு வயதில் ஒரு பெண் எதையும் நம்பாமல் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள். அதைப் பார்க்கிற எனக்கு உன் மேலும் என் மேலும் அந்த ஒலிபெருக்கி மேலும் ஒன்றாகக் கோபம் வருகிறது.

புது டீச்சர் வரப் போகிறார். எனக்கு ஒன்பதாம் தேதி கடைசி வகுப்பு. நீ வந்து சொல். நான் சொன்னால் எடுபடாது, புத்தகம் காட்டினாலும் எடுபடாது. அது நான்தான் என்று நீ அவர்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை உனக்குக் காட்சி இருக்கிறது என்று தெரியும். வராவிட்டால் என்ன ஆகும், வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். கேட்பது நியாயமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வராவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை

---

ஆகஸ்ட் 10

அக்கா,

பதில் போடவில்லை. வந்துவிட்டாய்.

நீ முன்னால் நின்றாய், நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். உனக்குத் தெரியாததை எல்லாம் எழுதுகிறேன்.

போர்வையில் சுருட்டி நீ தோளில் தூக்கி வந்ததைப் பார்த்து, வாசல் காவலர் "கம்பளம் விக்கிறவங்கள உள்ள விடுறதில்லம்மா" என்று சொன்னாராம். பிறகு அது வால் என்று தெரிந்ததும், வகுப்பு முடிகிற வரை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீ மேசையில் அதை விரித்து, "இது கம்பெனி வால். நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும், கிழிச்சிடாதீங்க" என்றாய். ஆறு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். குட்டி வக்கீல் மோந்து பார்த்து, "மழையில நனைஞ்ச செருப்பு நாத்தம்" என்றான். அதன் பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் போய், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தீர்ப்பு வாசித்துவிட்டு வந்தான்.

ஏன் ராணி வாலைத் தொடவே இல்லை. அதை நீ கவனித்தாயா? சுவரோடு சாய்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் கேட்டாள்.

"ஏன் கடல்கன்னின்னு சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலடா. மைக்குதான் சொன்னுச்சு."

"நீங்க சும்மா இருந்தீங்கல்ல?"

உன் முகம் சிவந்தது. காதைத் தொட்டுக்கொண்டாய். மழுப்பிவிடுவாய் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் நான் பென்சிலைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். "ஆமா. சும்மா இருந்தேன்" என்றாய்.

அவள் சுவரை விட்டு உன் அருகே வந்தாள். பிறகு, "அந்த ஆமை ஏன் அதே மூலையில போய் முட்டுது?" என்றாள்.

"வெளிய போக வழி தேடுது."

"ஏன், வழி இல்லையா?"

"இல்ல."

"ஏன் இல்ல? யாரு புடிச்சாங்க? ஏன் புடிச்சாங்க? அதோட அம்மா எங்க? ஏன் நீங்க மைக்குல இதச் சொல்லல?"

அவள் நிறுத்தவே இல்லை. மணி அடித்த பிறகும் உன் பின்னாலேயே வாசல் வரை வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீ குனிந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய். பாதிக்குத் தெரியாது என்று சொன்னாய். அவள் மறுபடியும் ஏன் ராணி ஆகிவிட்டாள். அதை நீதான் செய்தாய். நான் மறுக்கவில்லை. உன்னைக் கேட்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். யார் கேட்டார்கள் என்று பார்த்தாய் அல்லவா?

இனி கோபம்.

வகுப்பு முடிந்து நான் திரையை மடித்து வைத்துவிட்டு வருவதற்குள் நீ மதிய வண்டிக்குப் போய்விட்டாய். வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அம்மா வீட்டில்தான் இருந்தாள். அது மட்டுமில்லை. காட்சிக்குப் போகாததால் வேலை போய்விட்டது, வாலை ஒப்படைத்துவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னாயாம். அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்கக்காவுக்கு தைரியம் ஜாஸ்தி" என்றார். அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. மறுபடியுமா அக்கா? மறுபடியும் உன் விஷயம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிய வேண்டுமா? கேட்டவள் நான். என்னால் போனது. அதை என் முகத்துக்கு நேரே சொல்லித் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அந்தப் பிள்ளைகள் உன்னை மன்னித்துவிட்டார்கள். அவர்களுக்கு ஆறு வயது. எனக்குப் பதினான்கு, அவ்வளவு சீக்கிரம் ஆகாது. அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. அவளுக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நீ சீக்கிரம் ஆரம்பித்தாக வேண்டும். நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். உன் அலமாரியின் இரண்டு தட்டை என் புத்தகங்கள் பிடித்திருந்தன. காலி செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டியில் வா. நிலையத்துக்கு வந்து நிற்பேன். பேச மாட்டேன். பையை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

தங்கை